கேட்டுவிட்டு உள்ளே வருகிறவன்

மகளை எழுப்பப் போன மாணிக்கம்மாள் போன இடத்திலேயே நின்றுவிட்டாள். பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்த பிரியதர்ஷினியின் கழுத்தில், இடது காதுக்குக் கீழே, இரண்டு சிவப்புப் புள்ளிகள். ஒரு விரற்கடை இடைவெளியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றிலிருந்து ஒரு சொட்டு கீழே வழிந்து காய்ந்திருந்தது.

டவுன்காரியாக இருந்தால் கொசு என்று நினைத்திருப்பாள், இல்லாவிட்டால் பரு. புதூர்நாட்டு மலையில் சாமை விதைத்து, அறுத்து, தரையில் பாய் போட்டுப் படுக்கிறவளுக்கு அப்படியெல்லாம் தோன்றாது. இரண்டு புள்ளி என்றால் இரண்டு பல். இரண்டு பல் என்றால் கட்டுவிரியன். மழைக்காலத்தில் பாயில் படுத்திருப்பவர்களின் சூட்டுக்கு வந்து ஒண்டிக்கொள்ளும், கடித்தால் எறும்பு கடித்த அளவுகூட வலிக்காது, தூங்கினவர் தூங்கினபடியே போய்விடுவார். போன வருஷம் பக்கத்து ஊரில் ஒருவர் வயிற்று வலி என்று படுத்தவர் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார்.

பாம்பு கடித்தால் என்ன செய்யவேண்டும் என்று சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தாள். கீறக்கூடாது, கட்டக்கூடாது, வாய் வைத்து உறிஞ்சவே கூடாது, வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். மாணிக்கம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்து தலையைத் தலையை ஆட்டிக் கேட்டவள்தான். அந்த நேரத்தில் அதில் ஒரு வார்த்தையாவது ஞாபகத்துக்கு வரவேண்டுமே! அவளுக்கு ஈரக்குலை நடுங்கியது. ஒரே பாய்ச்சலில் மகள் மேல் விழுந்து, தலைமயிரைப் பற்றி ஒதுக்கி, அந்தப் புள்ளிகளில் வாயை வைத்து உறிஞ்ச ஆரம்பித்துவிட்டாள்.

உறிஞ்சித் துப்பினாள். மறுபடி உறிஞ்சினாள். விஷம் இனித்தது. ஏதோ பழ வாசனைகூட அடித்தது. விஷம் இனிக்குமா என்று யோசிக்க யாருக்கு நேரம்?

பிரியதர்ஷினி கண்ணைத் திறந்ததும் வீறிட்டாள். திறந்த கண்ணுக்கு நேரே அம்மாவின் அவிழ்ந்த கூந்தல் தெரிந்து, கழுத்தில் பல்லும் பதிந்திருந்தால் யார்தான் வீறிடமாட்டார்கள்? அதே சமயத்தில்தான் மாணிக்கம்மாளின் அண்ணன் ரங்கசாமியும் அவர் மகன் வெற்றிவேலும் உள்ளே நுழைந்தார்கள். களத்தில் சாமை காயப்போடத் தார்ப்பாய் வாங்கிப் போக வந்தவர்கள். தாய்மாமன் தங்கை வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் அது ஊரார் சிரிக்கிற காரியம். ரங்கசாமி எந்தக் காலத்திலும் நின்றதில்லை, நேராக உள்ளே வந்துதான் பழக்கம்.

உள்ளே வந்தவர் கண்ட காட்சி, தங்கையின் வாயெல்லாம் சிவப்பு, மருமகளின் கழுத்தெல்லாம் சிவப்பு. ஊருக்கே நாயம் சொல்கிற பெரிய மனிதர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கட்டுவிரியன்ணா! புள்ளய கடிச்சிட்ச்சு! ஜீப்ப எடுக்கச் சொல்லுங்க!" என்று அலறினாள் மாணிக்கம்மாள்.

வெற்றிவேல் மலைக்கும் திருப்பத்தூருக்கும் ஜீப் ஓட்டுகிறவன். அவன் எதையும் கேட்கவில்லை. ஒரே ஓட்டமாக வெளியே ஓடினான். இன்ஜின் உறுமும் சத்தம் கேட்டது.

"பாம்பு இல்லம்மா! விடு! கலரும்மா அது, லிப்ஸ்டிக்கு!" பிரியதர்ஷினி அம்மாவைத் தள்ளிவிட்டு, உள்ளங்கையால் கழுத்தை அழுந்தத் துடைத்துக் காட்டினாள். துடைத்த இடத்தில் பாம்பு கடித்த தடமே இல்லை. கையில் ஒரு சிவப்புத் தீற்றல் மட்டும் இருந்தது.

மாணிக்கம்மாள் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். மறுபடி உதட்டைத் தொட்டாள். உயிர் திரும்பி வந்த வேகத்தில் கோபமும் கூடவே வந்தது.

"ஒதட்டுல போடுறத கழுத்துல இன்னாத்துக்குடி போட்ட?"

இதற்குப் பதில் சொல்வது அந்தப் பெண்ணுக்கு லேசாக இல்லை. திருப்பத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் தங்கிக் கடைசி வருஷம் படிக்கிறவள், செமஸ்டர் லீவுக்கு வந்திருந்தாள். 'அந்திமாளிகை' என்று ஒரு சினிமா வந்திருக்கிறது, ஒரு நாவலை வைத்து எடுத்தது, ரத்தம் குடித்து உயிர் வாழ்கிற ஒருவனுடைய கதை, ஹாஸ்டல் முழுக்க அதுதான் பேச்சு. அந்தப் படம் பிடித்தவர்கள் கழுத்தில் இரண்டு புள்ளி வைத்துப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். அவளும் நேற்று வைத்தாள், துடைக்க மறந்து தூங்கிவிட்டாள். இவ்வளவுதான் விஷயம். இதை அவள் தலையைக் குனிந்துகொண்டு தவணை தவணையாகச் சொல்லி முடித்தாள்.

ரங்கசாமி ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு விசாரணையைத் தொடங்கினார். "ரத்தம் குடிக்கிறவனா? அவன்தான் வில்லனா?"

"ஹீரோ, மாமா."

"ஈரோவா!" அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அவன் வந்து கடிச்சா அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்? ஓடாதா? கத்தாதா?"

பிரியதர்ஷினி பொய் சொல்லியிருக்கலாம். அந்த வயதில் யாருக்கு அந்த சாமர்த்தியம் இருக்கிறது? "மொதல்ல ஓடும் மாமா. அப்பால அதுவே கழுத்த காட்டும்."

 வெளியே ஜீப் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்பதால் வெற்றிவேல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பாம்பு கடித்த பெண்ணைத் தூக்கி வருவார்கள் என்று இன்னும் காத்திருந்தான்.

"கழுத்த காட்டுமாம்," என்றார் ரங்கசாமி மெதுவாக. "படிக்க அனுப்புனா இதத்தான் படிச்சிக்கினு வருது. போதும் மாணிக்கம், படிச்சது போதும். படிப்பு முடியற வரைக்கும் இன்னாத்துக்கு இஸ்துக்கினு? வர்ற வெள்ளிக்கெழம வெத்தல பாக்கு மாத்திக்கலாம். தையில கல்யாணம். வூட்டோட இருக்கட்டும்."

மாட்டைக் கட்டிவிட்டு அப்போதுதான் வந்த சின்னதம்பி, மாணிக்கம்மாளின் கணவன், என்ன ஏது என்று தெரியாமலே "செரிங்க மச்சான்" என்றான். மச்சான் சொன்னால் சரி என்பது அவனுக்கு மூச்சு விடுகிற மாதிரி. மாணிக்கம்மாளும் "செரிண்ணா" என்றாள். பிரியதர்ஷினி வெற்றிவேலுக்குத்தான் என்பது இரண்டும் குழந்தையாக இருந்தபோதே பேசி வைத்தது. இன்று புதிதாக என்ன இருக்கிறது? வெற்றிவேல் தங்கமான பிள்ளை, குடிக்கமாட்டான், ஒரு வார்த்தை அதிர்ந்து பேசமாட்டான். தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு போகும்போதுகூட, "ஒண்ணும் இல்லியே அத்தே? நெஜமா ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டுவிட்டுத்தான் போனான்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சின்னதம்பி களத்துக்குப் போயிருந்தான். பிரியதர்ஷினி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாணிக்கம்மாள் சோற்றைத் தட்டில் போட்டு எடுத்துப் போய் அவள் முன்னால் வைத்தாள், வைத்த கையோடு திட்டவும் ஆரம்பித்தாள்.

"கழுத்த காட்டுவாளாம்! தாய்மாமன் எதுருல சொல்ற வார்த்தையா அது? வெக்கமா இல்ல? ரத்தக்காட்டேரிய பாத்து பல்ல இளிக்கிறதுக்கா உன்ன ஆஸ்டல்ல சேத்தோம்? எனக்கு உசுரே போய்ட்டு வந்துச்சுடி!"

"படத்த பாக்காமயே திட்டுற. பாத்துட்டு திட்டு," என்றாள் மகள்.

மாணிக்கம்மாள் உட்கார்ந்தாள். பார்த்துவிட்டால் இன்னும் வசதியாகத் திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தாள், வேறு எந்த ஆசையும் இல்லை. பிரியதர்ஷினி ஹாஸ்டலில் இறக்கி வைத்திருந்த படத்தைப் போனில் போட்டு, சாமை அளக்கிற படியின் மேல் சாய்த்து வைத்தாள்.

முதலில் ஒரு மாளிகை வந்தது. மலை உச்சியில், பனிமூட்டத்தில், சுவருக்குச் சுவர் ஜன்னல்.

"இத்தினி சன்னல யாரு தொடைக்கிறது?"

"யாரும் தொடைக்கமாட்டாங்க. பாரேன்."

சவப்பெட்டியின் மூடி தானாகத் திறந்தபோது மாணிக்கம்மாள் "அய்யோ!" என்று கத்திச் சோற்றுத் தட்டைக் கவிழ்த்துவிட்டாள். உள்ளேயிருந்து எழுந்து வந்தவன் வெயிலே படாத வெள்ளையாக இருந்தான். மூக்கும் முழியும் லட்சணமாகத்தான் இருந்தன. ஆனால் சோறு தின்னாத முகம் என்று மாணிக்கம்மாளுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

"இவனுக்கு அம்மா அப்பா இல்லியா?"

"செத்து முந்நூறு வருசம் ஆச்சும்மா."

"அதான் கேக்க ஆளில்லாம இப்டி திரியறான்."

அவன் ஒரு காவல்காரனைக் கொன்றான். ஓநாய்களைக் கையசைத்துக் கூப்பிட்டான். ஒரு மாட்டின் கழுத்தில் வாயை வைத்தபோது மாணிக்கம்மாள் கண்ணைப் பொத்திக்கொண்டாள். தன் வாயும் காலையில் அதே மாதிரிதான் இருந்திருக்கும் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதில் தப்பே இல்லை.

அப்புறம் அந்தப் பெண்ணின் வீடு வந்தது. மலையடிவாரத்தில் சின்ன வீடு. அவளும் அவளுடைய கண் தெரியாத அப்பாவும். வெளியே கொட்டுகிற மழை. அவன் வாசலில் வந்து நின்றான். ஓநாயை ஆட்டி வைக்கிறவன், காவல்காரனைக் கன்னத்தில் தட்டியே கொன்றவன், அந்தப் பிய்ந்த தட்டிக்கதவுக்கு முன்னால் நனைந்துகொண்டு நின்றான். "உள்ளே வரலாமா?" என்று கேட்டான். அவள் முடியாது என்றாள். அவன் தலையை அசைத்துவிட்டு அங்கேயே நின்றான். சேவல் கூவும் வரை நின்றுவிட்டுப் போனான்.

"இன்னாடி இவன்? ஒரு ஒத வுட்டா கதவு வுழுந்துடும். இன்னாத்துக்கு நிக்கிறான்?"

"ரத்தம் குடிக்கிறவங்களால முடியாதும்மா. வூட்ல இருக்கிறவங்க வான்னு சொன்னாதான் வாசப்படி தாண்ட முடியும். சொல்லலன்னா எத்தினி காலம் ஆனாலும் வெளிய நிக்கவேண்டிதுதான்."

மறுநாளும் அவன் வந்தான். மறுநாளும் கேட்டான். அவள் மறுநாளும் முடியாது என்றாள். மாணிக்கம்மாள் திட்டவேண்டும் என்பதை மறந்து எத்தனையோ நேரம் ஆகிவிட்டிருந்தது. சளி பிடிக்காதா அவனுக்கு என்று ஒரு தடவை கவலைப்பட்டாள். அந்தப் பெண் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவனோடு பேச ஆரம்பித்தபோது, தன் கை தன் கழுத்தைத் தடவிக்கொண்டிருப்பதை மாணிக்கம்மாள் கண்டுகொண்டாள். கண்டதும் ஷாக் அடித்தாற்போலக் கையை மடியில் இறக்கிக்கொண்டாள். நாற்பது வயதைத் தாண்டிய பொம்பளை, பேயைப் பார்த்து இதென்ன கூத்து என்று தனக்குத்தானே வெட்கப்பட்டாள். மகள் பார்த்தாளா என்று திரும்பினாள். மகள் பார்த்திருந்தாள். ஆனால் சிரிக்கவில்லை.

படம் முடிவதற்குள் போன் அணைந்துவிட்டது. மழைக்குக் கரண்டும் இல்லை.

"அய்யய்யோ! கடைசில அவன உள்ள கூப்புடுறாளா இல்லியா?"

"படத்துல கூப்புட்டுடுவா. புக்குல கடைசி வரைக்கும் கூப்புடவே மாட்டா. நான் லைப்ரரில எடுத்துப் படிச்சேன். எது செரின்னு ஆஸ்டல்ல பெரிய சண்டயே நடக்கும்."

"நீ எந்தக் கட்சி?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். அவளத்தான் கேட்டான்ல? அப்பால அவ இன்னா சொன்னா இன்னா?"

மாணிக்கம்மாளுக்குப் புரியவில்லை. "அதுக்கா இத்தினி பொண்ணுங்க கழுத்துல புள்ளி வெச்சிக்கினு திரியுது?"

"ரத்தம் குடிக்கிறது யாருக்கும்மா புடிக்கும்?" பிரியதர்ஷினி கவிழ்ந்த சோற்றைத் தட்டில் அள்ளிக்கொண்டே பேசினாள், அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "அவன் கேக்குறான்மா. அவ வேணாம்னா நிக்கிறான். கோச்சிக்கல. அவங்கப்பன்ட்ட போய் பேசி முடிக்கல. காலைல மாமா வந்தாரு. நேரா உள்ள வந்தாரு. நான் நைட்டியோட பாயில கெடக்கறேன். வெள்ளிக்கெழமன்னாரு. அப்பா செரின்னாரு. நீ செரின்ன. நான் அங்கயேதாம்மா உக்காந்துனு இருந்தேன்."

காலையில் இரண்டு புள்ளியைப் பார்த்தபோது வந்த அதே நடுக்கம் மாணிக்கம்மாளுக்கு வந்தது. ஆமாம், அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். பாய்க்குப் பக்கத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு. தன் வாய் "செரிண்ணா" என்று சொன்னபோது தன் கண் அந்தப் பக்கம் போகக்கூட இல்லை. போகவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பெற்ற மகளை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அனுப்புகிற பேச்சு, அவள் தலைக்கு மேலே நடந்து முடிந்துவிட்டது.

ஆனால் மனதில் பட்டதை ஒத்துக்கொள்வது அவ்வளவு சுலபமா? மாணிக்கம்மாள் எழுந்து சேலையை உதறிக்கொண்டு, "வெற்றி நல்ல பையன். உன்ன தனியா வேற கேக்கணுமா?" என்றாள்.

"நல்லவருதான். கேக்குறதுக்கும் அதுக்கும் இன்னாம்மா?"

அந்த வாரம் முழுக்க மாணிக்கம்மாள் மகளைக் கேட்டுவிடவேண்டும் என்று நினைத்தாள். களத்தில் சாமை தூற்றும்போது நினைத்தாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது நினைத்தாள். கேட்கலாம் என்று கிட்டே போவாள், வாயைத் திறப்பாள், "சாப்ட்டியா?" என்பதுதான் வெளியே வரும். கேட்காமல் இருக்க அவளிடம் காரணத்துக்குப் பஞ்சமில்லை. பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே அழுது ஆர்ப்பாட்டம் செய்திருப்பாளே! பிடித்துத்தான் இருக்கும். தன்னையும் யாராவது கேட்கவேண்டும் என்ற வீம்பு, அவ்வளவுதான். கேட்டால் சரி என்றுதான் சொல்லுவாள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே ரங்கசாமி ஊர்ப் பெரியவர்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம், ஒரு பட்டுப்புடவை எல்லாம் அடுக்கிய தாம்பாளத்தோடு நேராக உள்ளே வந்து நடுவீட்டில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். வெற்றிவேல் மட்டும் கூச்சப்பட்டுக்கொண்டு வெளியே ஜீப்பருகே நின்றான். புதுச் சட்டை போட்டிருந்தான், மடிப்புக்கூட இன்னும் கலையவில்லை. பிரியதர்ஷினியை அலங்கரித்து மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். சின்னதம்பி தாம்பாளத்தை வாங்க இரண்டு கையையும் நீட்டினான்.

"கொஞ்சம் இருங்கண்ணா," என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று மாணிக்கம்மாளுக்குத் தெரியவே கொஞ்சம் நேரமாயிற்று. "புள்ளய ஒரு வார்த்த கேட்டுட்டு மாத்திக்கலாம்."

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னதம்பியின் கை நீட்டினபடியே நின்றது. ரங்கசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாத்த கேக்கறது? பொடவ செவப்பா பச்சையான்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாணிக்கம்மாளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் கல்யாணத்தின்போது அவளைக் கேட்ட ஒரே கேள்வி அதுதான். கேட்டதும் இதே அண்ணன்தான். பச்சை என்றாள். டவுனில் பச்சை கிடைக்கவில்லை என்று சிவப்பு வாங்கி வந்தார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவளுக்கு அது குறையாகப் பட்டதே இல்லை. இப்போது, பேரன் எடுக்கிற வயதில், முதல் தடவையாகப் பட்டது.

"பிரியா," என்றாள். "வெற்றிய கட்டிக்க உனக்கு சம்மதமா?"

பிரியதர்ஷினி தலையைத் தூக்கினாள். அம்மா நிஜமாகத்தான் கேட்கிறாளா என்று முகத்தை உற்றுப் பார்த்தாள். சொல்லுடி, சரி என்று சொல்லு என்று மாணிக்கம்மாளின் மனம் அடித்துக்கொண்டது.

"வேணாம்மா," என்றாள் பிரியதர்ஷினி.

மாணிக்கம்மாள் பேயறைந்தவள் போல நின்றாள். கேட்கத் துணிந்தவள், பதிலுக்குத் துணியவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கே வெளிச்சமாயிற்று. சரி என்ற ஒரு பதிலை மடியில் கட்டிக்கொண்டுதான் கேள்வியைக் கேட்டிருக்கிறாள். அப்படிக் கேட்டதைக் கேட்டதாகவே சொல்ல முடியாது. இப்போது நிஜமான பதில் ஒன்று வந்து நடுவீட்டில் நிற்கிறது. அண்ணன் உட்கார்ந்திருக்கிறார், பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அதை எங்கே கொண்டுபோய் மறைப்பது?

"பாத்தியா!" ரங்கசாமி எழுந்துவிட்டார். "இதுக்குத்தான் கேட்டியா? எம்மூஞ்சில கரி பூசவா?"

"ஏய், ரெண்டு போடு அவள!" என்று சின்னதம்பி மனைவியைப் பார்த்துக் கத்தினான். "சின்னப் புள்ள இன்னாமோ ஒளறுது மச்சான், நீங்க உக்காருங்க!"

எல்லோர் கண்ணும் மாணிக்கம்மாள் மேல்தான். ஒரே ஒரு அறை. அதை அவள் கொடுத்துவிட்டால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். பெண் அழும், வெற்றிலை மாறும், தையில் மேளம் கொட்டும். அந்த அறைக்காகத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். பிரியதர்ஷினியும் காத்திருந்தாள். தோளைக் குறுக்கி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். தன் பெண் தன்னிடம் எதிர்பார்க்கிறது இதைத்தான் என்று மாணிக்கம்மாள் பார்த்தாள்.

"வேணாம்ங்குதுண்ணா," என்றாள்.

"காதுல வுழுந்துச்சு! நீ இன்னா சொல்ற?"

"அதான்ணா. அது வேணாம்ங்குது." அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது, ஆனாலும் வேறு சொல் அவளிடம் இல்லை. "நானும் அதத்தான் சொல்றேன்."

ரங்கசாமி தங்கையைப் புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். பெரியவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். "அண்ணன் செத்துட்டான்னு நெனச்சிக்கோ. இனிமே இந்த வூட்டு வாசப்படிய மிதிச்சேன்னா என் பேரு ரங்கசாமி இல்ல," என்று சொல்லித் தாம்பாளத்தைத் தானே தூக்கிக்கொண்டு வெளியேறினார். மாணிக்கம்மாள் "அண்ணா, அண்ணா" என்று வாசல்வரை ஓடினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஜீப்பில் ஏறாமல் பெரியவர்களோடு நடந்தே போய்விட்டார். சின்னதம்பி பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு ஓடினான்.

வெற்றிவேல் மட்டும் நின்றிருந்தான். உள்ளே நடந்ததெல்லாம் வெளியே அவன் காதில் விழுந்திருக்கிறது. மாணிக்கம்மாளால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறந்ததிலிருந்து அவள் மடியில் கிடந்த பிள்ளை. வேறு பெண்ணை அவன் ஏறிட்டுப் பார்த்ததில்லை, பார்க்கவேண்டும் என்று அவனுக்கு யாரும் சொன்னதும் இல்லை.

பிரியதர்ஷினி அம்மாவுக்குப் பின்னால் வாசலுக்கு வந்து நின்றாள். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் வாசல்படி இருந்தது.

"மின்னாடியே என்னாண்ட சொல்லிருக்கலாம் இல்ல பிரியா?" என்றான். கோபம் இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். "நானே அப்பாகிட்ட சொல்லி நிறுத்திருப்பேன். இப்டி எல்லாரு எதுருலயும்..."

"நீங்க என்ன கேக்கவே இல்லியே, வெற்றி மாமா."

அவன் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தான். எத்தனை வருஷமாக ஹாஸ்டலுக்கும் வீட்டுக்கும் அவளை ஜீப்பில் கொண்டுபோய் விட்டிருக்கிறான். முன்சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வந்திருக்கிறாள், மலையிறங்கித் திருப்பத்தூர் போய்ச்சேரும்வரை எவ்வளவோ பேசியிருக்கிறார்கள். டயரைப் பற்றி, ரோட்டைப் பற்றி, பலா விளைச்சலைப் பற்றி. இந்த ஒன்றைக் கேட்கவேண்டும் என்று ஒரு தடவைகூட அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பது இப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. அது அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது. அவனை அடித்திருந்தால்கூட அவன் இவ்வளவு திகைத்திருக்கமாட்டான்.

"கேட்டிருந்தா?" என்றான் கடைசியில்.

"தெரியல மாமா," என்றாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

மாணிக்கம்மாளுக்குத் தாங்கவில்லை. விடியற்காலையில் எழுந்து விருந்துக்குச் சமைத்ததெல்லாம் அடுப்படியில் மூடி மூடி இருந்தது. இந்தப் பிள்ளை பச்சைத் தண்ணீர் குடிக்காமல் புதுச் சட்டையோடு நிற்கிறது.

"உள்ள வாடா, வெற்றி. ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போயேன்," என்றாள்.

"வேணாம் அத்தே," என்றான் அவன்.

நேற்றாக இருந்தால் கையைப் பிடித்து இழுத்து வந்து இலை முன்னால் உட்கார வைத்திருப்பாள். அவள் கை நீளத்தான் செய்தது. நீண்ட கையைப் பாதியில் நிறுத்தி, முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"செரிப்பா," என்றாள்.